ஒரே மாதத்தில் ஆறு நிகழ்ச்சி: தொடக்கப் பள்ளி கேள்வி – பதில்

ஜனவரி 26 அன்று கொடியேற்றினால், பிப்ரவரி 28 அறிவியல் நாள் முடியும்வரை தொடக்கப் பள்ளிகளில் மூச்சுவிட நேரமிருக்காது. இடையில் விளையாட்டு விழா, குடற்புழு நீக்க நாள், ஆண்டு விழா, தாய்மொழி நாள் என்று வரிசையாக நிற்கும். இந்த ஐந்து வாரத்தைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, 58 பிள்ளைகள். பிப்ரவரி வந்தாலே பாடம் நின்றுவிடுகிறது. நிகழ்ச்சிகளையும் விட முடியவில்லை. என்ன செய்யலாம்?
– தலைமையாசிரியை, மணப்பாறை

28 நாள் பிப்ரவரியில் சனி, ஞாயிறு போனால் எந்த ஆண்டும் 20 நாள்தான். ஒரு நாளைக்குக் கடைசிப் பாடவேளையை மட்டும் விழா வேலைக்கு ஒதுக்குங்கள். அது 40 நிமிடம். அப்படி 20 பாடவேளை உங்கள் கையில் இருக்கிறது. இதற்குள் அடங்காத எதையும் இந்த ஆண்டு செய்ய வேண்டாம்.

முதல் மூன்று வாரத்தின் 15 பாடவேளைகளில் பத்து ஆண்டு விழாவுக்கு, மூன்று விளையாட்டுக்கு, இரண்டு தாய்மொழி நாளுக்கு. கடைசி வாரத்து ஐந்தில் மூன்று அறிவியல் நாளுக்கு. மிச்சமுள்ள இரண்டைக் காலியாகவே விடுங்கள். மழை, திடீர்க் கூட்டம், உங்களில் ஒருவருக்குப் பயிற்சி வகுப்பு என்று ஏதாவது ஒன்று அதை எடுத்துக்கொள்ளும். ஆண்டு விழா மூன்றாம் வாரம் முடிவதற்குள் நடந்துவிட வேண்டும். கடைசி வாரத்துக்குத் தள்ளினால் அறிவியல் நாளும் அதுவும் மோதும், இரண்டும் கெடும்.

பெரும்பாலான பள்ளிகளில் பாடம் போவது ஒத்திகையால் அல்ல, கூப்பிட்டு அனுப்புவதால். “நடனத்தில் இருக்கிற பிள்ளைகள் மட்டும் வாங்க” என்று காலை 11 மணிக்கு ஒரு குரல் வந்தால், போகிற எட்டுப் பேருக்கும் பாடம் போகிறது, இருக்கிற பிள்ளைகளுக்கும் கவனம் போகிறது. ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பு நடக்கிற காலை வேளையில் யாரையும் வெளியே எடுப்பதில்லை என்று முதல் நாளே முடிவெடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவிலும் சொல்லிவிடுங்கள். பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

போன முறை கயிற்றை இழுத்தபோது கொடி விரியவே இல்லை. மூன்று முறை இழுத்து, கடைசியில் கீழே இறக்கி அவிழ்த்தோம். எல்லார் முன்னாலும் பெரிய சங்கடம். கொடியை எப்படிக் கட்ட வேண்டும்?
– இடைநிலை ஆசிரியர், திருவாரூர் மாவட்டம்

முடிச்சில்தான் கோளாறு. உருவாஞ்சுருக்காக இருக்க வேண்டியது இறுகு முடிச்சாகிவிட்டது.

கொடியைச் சுத்தமான மேசைமேல் விரியுங்கள். தரையில் படக் கூடாது. காவி மேற்பக்கம், கயிறு கோத்த ஓரம் உங்கள் இடக்கைப் பக்கம். பச்சையைத் தூக்கிக் காவிமேல் வருமாறு நீளவாக்கில் மடியுங்கள். ஒரு கைப்பிடி உதிரிப் பூவை இப்போது வைத்து, மறுபடி ஒருமுறை நீளவாக்கில் மடியுங்கள். நான்கில் ஒரு பங்கு அகலத்தில் பட்டை கிடைக்கும். வலக்கை நுனியிலிருந்து கயிற்றுப் பக்கம் நோக்கி விசிறி மடிப்பாக மடித்து வாருங்கள். பாய் சுருட்டுவதுபோல் சுருட்டாதீர்கள். சுருட்டிய கொடி முடிச்சு அவிழ்ந்த பிறகும் சுருண்டே தொங்கும்.

இனி முடிச்சு. பச்சை முனையிலிருந்து கீழே வருகிற கயிறுதான் இழுகயிறு. அதைப் பொட்டலத்தின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, கயிற்றின் நடுப்பகுதியை ஒரு வளையமாக மடித்து, அந்த வளையத்தை மட்டும் சுற்றுக்கு அடியில் செருகுங்கள். கயிற்றின் நுனியையே உள்ளே விட்டு மறுபக்கம் எடுத்தால், இழுக்க இழுக்க இறுகும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான். கட்டிய பிறகு காவி முனைக் கயிற்றை இழுத்துப் பொட்டலத்தை உச்சிக்கு ஏற்றிக் கம்பத்தில் கட்டிவிடுங்கள். விழாவில் இழுகயிறு ஒன்றைத்தான் இழுக்க வேண்டும்.

வேறு மூன்று இடத்திலும் கவனம் வேண்டும். நைலான் கயிறு வழுக்கும். ஏற்றும்போதே பாதி வழியில் அவிழ்ந்துவிடும். பருத்திக் கயிறு நல்லது. உச்சியிலுள்ள கப்பி ஓராண்டு வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்திருக்கும். கயிறு சக்கரத்தை விட்டு இறங்கிப் பக்கவாட்டு இடுக்கில் மாட்டிக்கொள்ளும். இரண்டு நாள் முன்பே ஆள் ஏற்றி எண்ணெய் விடுங்கள். ஈரமான பூவிதழ் துணியோடு ஒட்டிக்கொள்ளும். பூவை முந்தின மாலையே உதிர்த்துத் தாளில் பரப்பிவைத்தால் காலையில் உலர்ந்திருக்கும். ஜனவரிப் பனியில் கொடியை இரவே கம்பத்தில் ஏற்றி வைக்காதீர்கள். ஒத்திகைக்கு அதே அளவுள்ள ஒரு துண்டைக் கட்டி, 25ஆம் தேதி மாலை நான்கைந்து முறை இழுத்துப் பாருங்கள்.

கொடிக்குள் பூவிதழ் வைப்பதை இந்தியக் கொடி விதித் தொகுப்பு (2002) குடியரசு நாள், சுதந்திர நாள் போன்ற நாள்களில் அனுமதிக்கிறது. ஆனால் கம்பத்தின் உச்சியில் மாலை கட்டக் கூடாது. பல பள்ளிகளில் இந்தத் தவறு நடக்கிறது. கொடியின் நீள அகலம் 3:2. கைத்தறி, கதர் மட்டுமே என்ற கட்டுப்பாடு 2021 டிசம்பர் 30-இல் தளர்ந்தது; பாலியஸ்டர் கொடியும் இயந்திரத்தில் நெய்ததும் இப்போது ஏற்கப்படுகின்றன. வேகமாக ஏற்றி, மெதுவாக இறக்க வேண்டும்.

பிள்ளைகளை நிறுத்துவதற்கும் அந்தத் தொகுப்பில் முறை இருக்கிறது. திறந்த சதுரமாக மூன்று பக்கம் பிள்ளைகள், நான்காம் பக்கத்தின் நடுவில் கம்பம். தலைமையாசிரியரும் மாணவத் தலைவரும் கம்பத்துக்கு மூன்று தப்படி பின்னால். வலது கோடியில் மூத்த வகுப்பு. வரிசைக்கு வரிசை குறைந்தது ஒரு தப்படி, அதாவது 30 அங்குல இடைவெளி. இந்த இடைவெளி அழகுக்கு மட்டுமல்ல, மயங்கி விழுகிற பிள்ளையை உடனே தூக்கவும் வழி விடுகிறது.

ஏன் மயங்கி விழுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அன்று விடுமுறை நாள். காலை உணவுத் திட்டத்தில் சமையல் கிடையாது. மற்ற நாளில் பள்ளியில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை அன்று வெறும் வயிற்றோடு ஏழரை மணிக்கே வந்து வெயிலில் நிற்கிறது. மிட்டாயை விழா முடிந்து கொடுங்கள். ஆனால் வாழைப்பழமோ பாலோ வரிசையில் நிற்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

விளையாட்டு விழாவுக்குக் கோடு போடச் சுண்ணாம்பு வாங்கலாமா? எத்தனை மூட்டை? எங்கள் திடல் சிறியது.
– ஆசிரியர், சங்கரன்கோவில்

சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். சுட்ட சுண்ணாம்பு ஈரம் பட்டால் கொதிக்கும். நீற்றியதுகூடக் கண்ணில் பட்டால் புண்ணாக்கும். வெறுங்காலில் ஓடி, விழுந்து, அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்குகிற வயது இது. வெள்ளைக் கோலப்பொடி, கல்மாவு என்று கடையில் விற்பது போதும். தப்பித் தவறிக் கண்ணில் சுண்ணாம்பு பட்டால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடமாவது ஊற்றிக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நான்கு ஓடுபாதை என்றால் ஐந்து கோடு. 50 மீட்டருக்கு மொத்தம் 250 மீட்டர். இரண்டு அங்குல அகலத்தில் போட்டால் ஏறக்குறைய 15 கிலோ பிடிக்கும். காற்றில் போவதையும் சேர்த்து 20 கிலோவாக வாங்குங்கள். அவ்வளவு செலவு வேண்டாமென்றால் தொடக்கக் கோடும் முடிவுக் கோடும் மட்டும் பொடியில் போடுங்கள். ஒரு சுற்றுக்கு மூன்று பேர் ஓடினால் இடையில் கோடு இல்லாமலே நடக்கும். போட்டிகளில் பாதையின் அகலம் 1.22 மீட்டர், சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் குறைக்காதீர்கள், அவர்கள்தான் நேராக ஓட மாட்டார்கள்.

தொடக்கக் கோடு பாதைக்குச் செங்குத்தாக இல்லையென்றால் ஓரத்தில் ஓடும் பிள்ளைக்கு ஒரு மீட்டர் லாபம் கிடைத்துவிடும். கயிற்றில் 3 மீட்டர், 4 மீட்டர், 5 மீட்டர் என்று அடையாளமிட்டு முக்கோணமாக இழுத்துப் பிடியுங்கள். 3-உம் 4-உம் சேரும் மூலை சரியான செங்கோணம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையே இதைச் செய்யச் சொல்லலாம்.

1, 2 வகுப்புகளுக்கு 30 மீட்டர் போதும், மற்றவர்களுக்கு 50. முடிவுக் கோட்டைத் தாண்டிப் பத்து மீட்டராவது வெட்டவெளியாக இருக்க வேண்டும். திடல் சிறியதென்றால் தூரத்தைக் குறையுங்கள், இந்தப் பத்து மீட்டரைக் குறைக்காதீர்கள். முழு வேகத்தில் வருகிற பிள்ளைக்கு நிற்கத் தெரியாது; சுவரில் கை ஊன்றித்தான் நிற்கும், மணிக்கட்டு போகும். முடிவில் பிடிக்கும் நூல் கம்பளி நூலாக, இரண்டு பேர் விரலில் லேசாகப் பிடித்ததாக இருக்கட்டும். கம்பத்தில் கட்டிய சணல் கழுத்தில் படும்.

எலுமிச்சை–கரண்டி ஓட்டத்தில் கரண்டியை வாயில் கவ்வச் சொல்வது ஆபத்து. விழுந்தால் தொண்டையைக் குத்தும். கையில் பிடித்தே ஓடட்டும். சாக்கு ஓட்டத்துக்கு அரிசிச் சாக்கு, அதுவும் துவைத்தது. உரச் சாக்கு எவ்வளவு துவைத்தாலும் கூடாது. கயிறு இழுக்கும்போது கையில் சுற்றிக்கொள்ள விடாதீர்கள். நாற்காலி விளையாட்டில் முதல் சுற்றிலேயே வெளியேறுகிற பிள்ளை அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். வழக்கமாக அது எல்லாரிலும் சின்னப் பிள்ளை. அதற்குப் பதில் வளையங்களை எடுத்துக்கொண்டே போய், மிச்சமுள்ள வளையத்துக்குள் எல்லாரும் நெருக்கி நிற்கிற விளையாட்டை வையுங்கள். சிரிப்பும் கூடும், யாரும் வெளியேறவும் மாட்டார்கள்.

குடற்புழு மாத்திரை போட்டுவந்த அன்று என் மகனுக்கு வயிற்று வலி, வாந்தி. இந்த முறை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா? வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் நானே பார்த்துக் கொடுப்பேனே?
– ஒரு தாய், கடலூர்

பயப்படாமல் கொடுங்கள். மாத்திரை பெயர் அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். இரண்டு வயதுக்கு மேல் 19 வயதுவரை முழு மாத்திரை ஒன்று. ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை அரை. வயிற்றில் புழு அதிகமாக இருந்த பிள்ளைகளுக்கு அவை செத்து வெளியேறும்போது லேசான வயிற்று வலி, குமட்டல், தலைசுற்றல் வருவதுண்டு. நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தால் சில மணி நேரத்தில் சரியாகும். நிற்காமல் வாந்தி எடுத்தாலோ தோலில் தடிப்பு வந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ஆனால் போன முறை தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் இந்த முறை கொடுக்கக் கூடாது. அதைப் பள்ளியிலும் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள், அதற்குக் காரணம் உண்டு. ஆசிரியர் கண்முன்னால் மென்று தின்ற பிறகுதான் பதிவேட்டில் குறிக்க வேண்டும். பையில் போனது வயிற்றுக்குள் போகும் என்று சொல்ல முடியாது. தம்பி தங்கை எடுத்துத் தின்றுவிடவும் கூடும். அன்று காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ இருந்தால் கொடுக்கக் கூடாது. தேறிய பிறகு, ஒரு வாரம் கழித்து விடுபட்டவர்களுக்கான நாளில் கொடுப்பார்கள். தேசிய அளவில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று நாள் குறித்திருந்தாலும் ஊருக்கு ஊர் தேதி மாறும்; உங்கள் சுகாதார நிலையம் சொல்வதே தேதி.

ஆசிரியர்களுக்கு இரண்டு குறிப்பு. வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டிய மாத்திரை அல்ல. மதிய உணவுக்குப் பின் வகுப்பு வகுப்பாகக் கொடுங்கள், பாதித் தொந்தரவு குறையும். முதல் வகுப்புப் பிள்ளைகள் மெல்லாமல் அப்படியே விழுங்கப் பார்ப்பார்கள், தொண்டையில் சிக்கும். இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் நசுக்கிக் கொடுத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். அழுகிற பிள்ளையின் வாயில் திணிக்கவே கூடாது.

மாத்திரை வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். கொக்கிப் புழு மண்ணிலிருந்து உள்ளங்கால் வழியாக மறுபடி ஏறும். செருப்பில்லாமல் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு ஆண்டுக்கு இரண்டு மாத்திரை கொடுத்துப் பயனில்லை.

ஆண்டு விழா மாலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 10 ஆகிவிடுகிறது. சின்னப் பிள்ளைகள் வேஷத்தோடு தூங்கிவிடுகிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் மேடை ஏற வேண்டும் என்பதையும் விட மனமில்லை.
– தலைமையாசிரியர், பெரம்பலூர் மாவட்டம்

எல்லாரும் ஏற வேண்டும் என்பதை விடாதீர்கள், அதுதான் விழா. நேரம் போவது பிள்ளைகளால் அல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 நிகழ்ச்சி, ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் 48. நடுவில் 11 இடைவெளி, ஒன்றுக்கு 2 நிமிடம் என்றால் 22. மொத்தம் 70 நிமிடம்தான். மிச்ச நேரமெல்லாம் பொன்னாடையிலும் பேச்சிலும் பரிசளிப்பிலும் போகிறது. விளையாட்டுப் பரிசுகளை விளையாட்டு விழா அன்றே கொடுத்துவிடுங்கள். பேச்சு மூன்று பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். அழைப்பிதழிலேயே நேரத்தை அச்சிட்டுவிட்டால் சங்கடமில்லை. பேச்சை முதல் நான்கு நிகழ்ச்சிக்குப் பிறகு வையுங்கள். 1, 2 வகுப்புகளின் நிகழ்ச்சி அந்த முதல் நான்கில் முடிந்துவிட வேண்டும். ஆறு மணிக்குள் அவர்கள் ஆடி, வேஷம் கலைத்து, அம்மா மடியில் இருப்பார்கள்.

20 அடிக்கு 15 அடி மேடையில் கைவிரித்து ஆட எட்டுப் பேர், நெருக்கினால் பத்துப் பேர். அதற்குமேல் ஏற்றினால் பின்வரிசை தெரியாது. பின்வரிசைப் பிள்ளையின் பெற்றோரும் அன்று கூலி வேலையை விட்டுத்தான் வந்திருப்பார்கள். பாட்டின் பாதியில் முன்வரிசையும் பின்வரிசையும் இடம் மாறும்படி அமைத்துவிடுங்கள். நடனம் வராத பிள்ளைகளுக்குக் குழுப் பாடல், வில்லுப்பாட்டு, அறிவிப்பு இருக்கிறது. “மரமாக நில்” என்று மட்டும் எந்தப் பிள்ளையையும் நிறுத்தாதீர்கள்.

சினிமாப் பாட்டு வேண்டுமா என்ற சண்டை எல்லாப் பள்ளியிலும் உண்டு. எங்கள் அளவுகோல் எளியது: அந்த வரிகளை ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை உங்களிடம் வந்து பொருள் கேட்டால் சொல்ல முடியுமா? முடிந்தால் ஆடலாம்.

பாட்டுகளை ஒரே கைபேசியில் 01, 02 என்று எண்ணிட்டுச் சேமியுங்கள். அன்று மாலை அதில் அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் போடுங்கள். அறிவிப்புக்கு நடுவில் அழைப்பு வந்து பாட்டு நிற்பது பல மேடைகளில் நடக்கிறது. ஒலிபெருக்கிப் பெட்டி மைக்குக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் இருக்க வேண்டும். மைக்குக்குப் பின்னால் வைத்தால் வந்த சத்தமே மறுபடி மைக்குக்குள் போய் ஊளையிடும். அப்போது குரலை ஏற்றினால் இன்னும் ஊளையிடும், இறக்க வேண்டும்.

ஒப்பனைப் பொருளை முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் சிறிது தடவிப் பாருங்கள். மறுநாள் சிவந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு வெறும் பவுடர் போதும். மினுக்குத் தூளைக் கண்ணருகே தூவாதீர்கள். வாடகை உடைகளில் பழைய ஊக்கு செருகியே வரும். மாட்டுவதற்கு முன் தடவிப் பாருங்கள்.

கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவது, விழா முடிந்ததும் பிள்ளையை யார் கையில் ஒப்படைப்பது என்பதை வகுப்புக்கு ஒரு பெரியவர் பெயரில் எழுதிவிடுங்கள். பெயர்ப் பட்டியலில் அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டே பிள்ளை மேடைப் பின்புறத்தை விட்டுப் போக வேண்டும்.

என் மகள் வீட்டில் முழு நடனத்தையும் ஆடுகிறாள். மேடை என்றால் அழுகிறாள். கட்டாயப்படுத்தலாமா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

வேண்டாம். ஆசிரியரிடம் சொல்லி ஒத்திகையை முதலில் வகுப்பறையில், பிறகு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால், பிறகு வெற்று மேடையில் என்று படிப்படியாக நடத்தச் சொல்லுங்கள். மேடையில் இடம் இரண்டு தோழிகளுக்கு நடுவில் இருக்கட்டும், ஓரத்தில் வேண்டாம். அன்றும் அழுதால் திரை இழுக்கிற வேலையைக் கொடுங்கள். அடுத்த ஆண்டு அவளே கேட்பாள், கேட்காவிட்டாலும் குற்றமில்லை.

எங்கள் வகுப்பில் 23 பேர். வீட்டில் தமிழ் பேசுபவர்கள் பதினோரு பேர்தான். மற்றவர்கள் தெலுங்கு, கன்னடம். இரண்டு பேர் இந்தி. தாய்மொழி நாளில் “தமிழே உயிரே” என்று மட்டும் பாடினால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?
– ஆசிரியை, ஓசூர்

இந்த ஆண்டு வந்த கேள்விகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் வங்க மொழிக்காகப் போராடி உயிர்விட்டவர்களின் நினைவு நாள் இது. யுனெஸ்கோ 1999-இல் அறிவித்து, 2000-லிருந்து உலகம் முழுதும் நடக்கிறது. எந்த மொழியும் இன்னொன்றால் அமுக்கப்படக் கூடாது என்பதற்கான நாள். உங்கள் வகுப்பில் அதைப் பொருளோடு கொண்டாட முடியும்.

இரண்டு பாடவேளை போதும். முதல் நாள் பத்துச் சொற்களைக் கரும்பலகையில் எழுதுங்கள்: பால், பல், புலி, பூ, கண், உப்பு, தண்ணீர், வீடு, அம்மா, நிலா. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் பாட்டியிடமோ அம்மாவிடமோ கேட்டு, தங்கள் வீட்டுச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவரட்டும். அம்மாவுக்கு எழுதத் தெரியாவிட்டாலும் சொல்லத் தெரியும். மறுநாள் ஒரு பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் கட்டம் போட்டு, மொழிக்கு ஒரு வரிசையாக எல்லாவற்றையும் எழுதவையுங்கள்.

பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். பால் தெலுங்கில் பாலு, கன்னடத்தில் ஹாலு. புலி தெலுங்கில் புலி, கன்னடத்தில் ஹுலி. பூ – புவ்வு – ஹூவு. பல்லுக்குக் கன்னடத்தில் ஹல்லு. மூன்றாவது சொல் வரும்போதே யாராவது ஒரு பிள்ளை “கன்னடத்துல ப வர்ற இடத்துலெல்லாம் ஹ வருது” என்று கத்திவிடும். பழைய கன்னடத்தில் அங்கெல்லாம் பகரமே இருந்தது. பிற்காலத்தில் ஹகரமாக மாறியது. மொழியறிஞர்கள் செய்கிற வேலையை உங்கள் மூன்றாம் வகுப்பு அன்று செய்திருக்கும். உப்பு மூன்றிலும் உப்புதான். வீட்டுக்கு மட்டும் இல்லு, மனெ என்று பிரியும். ‘இல்’ என்ற பழைய தமிழ்ச் சொல்லையும் ‘மனை’யையும் அப்போது எடுத்துக்காட்டுங்கள்.

இந்தி பேசும் இரண்டு பேரின் சொற்கள் இந்த வரிசையில் ஒட்டாது. பால் அவர்களுக்கு தூத். ஒட்டாததையும் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். அன்று ஒரு நாளாவது அந்தப் பிள்ளைகள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவர்களாக இருக்கட்டும். அவர்கள் சொல்ல, வகுப்பு முழுக்கத் திருப்பிச் சொல்லட்டும். உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பு வரும் இடம் இதுதான். சிரிப்பு வந்தால் தமிழ் ழகரத்தை அவர்கள் சொல்ல எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை நினைவூட்டுங்கள். மாநில உடை அணிந்து வரச் சொல்லாதீர்கள். அதற்குச் செலவாகும், மொழிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தத் தாளை மார்ச் முடியும்வரை சுவரிலேயே விடுங்கள்.

அறிவியல் நாளுக்கு எல்லாரும் எரிமலைதான் செய்துவருகிறார்கள், அதுவும் பெற்றோர் செய்தது. பிள்ளைகளே செய்யக்கூடிய, பணம் செலவாகாத சோதனை சொல்லுங்கள். ராமன் விளைவைக் காட்ட முடியுமா?
– ஆசிரியை, துறையூர்

ராமன் விளைவை, அதாவது சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கின் அலைநீளம் மாறுவதை, தொடக்கப் பள்ளியில் காட்ட முடியாது. அதற்கு ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி வேண்டும். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் அதை அறிவித்தார். 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1987-லிருந்து அந்த நாள் அறிவியல் நாள். ஒளி சிதறுவதை மட்டும் காட்டலாம். ஆனால் “இதுதான் ராமன் விளைவு” என்று பலகையில் எழுதிவிடாதீர்கள், அது வேறு.

ஒரு லிட்டர் தெளிவான பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, கால் தேக்கரண்டி பால் விட்டுக் குலுக்குங்கள். இருட்டு அறையில் படுக்கவைத்து அடிப்பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் லேசான நீலம், மறுமுனையிலிருந்து பார்த்தால் மஞ்சள் கலந்த செம்மை. வானம் பகலில் நீலமாகவும் மாலையில் சிவப்பாகவும் இருப்பது இதனால்தான். நிறம் தெரியவில்லையென்றால் பெரும்பாலும் பால் கூடிவிட்டது அல்லது அறை இருட்டவில்லை. சன்னலைச் சாக்கால் மறையுங்கள். பாலைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டுங்கள்.

1, 2 வகுப்புகளுக்கு மஞ்சள் தாள். இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, மை உறிஞ்சுகிற தாளில் தடவி நிழலில் காயவைத்து விரலளவு நறுக்குங்கள். வழவழப்பான தாள் ஆகாது, மஞ்சள் உரிந்துவிடும். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தால் சிவக்கும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு வைத்தால் மஞ்சளாகவே திரும்பும். பிள்ளைக்கு ஐந்து துண்டு கொடுத்து, புளிக்கரைசல், மோர், சமையல் சோடா என்று அவர்களையே தொட்டுப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ‘மாறவில்லை’ என்பதும் எழுத வேண்டிய விடைதான். கழிவறை கழுவும் அமிலம், சாராய விளக்கு, கற்பூரம் எதுவும் மேசைக்கு வரக் கூடாது. எரிமலையில் குழம்பு பொங்குவது வினிகரும் சோடாவும் சேர்ந்து கரியமில வாயு வெளியேறுவதால். நிஜ எரிமலை அப்படிப் பொங்குவதில்லை. அதே வினிகர், சோடாவைப் பாட்டிலில் போட்டு வாயில் பலூன் மாட்டினால் வாயு வந்ததைக் கண்ணால் பார்க்கலாம், பொய்யும் இல்லை.

ஆண்டு விழா அன்று 100 பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்க எத்தனை கிலோ கொண்டைக்கடலை வேண்டும்? போன ஆண்டு மாலைக்குள் ஊசிப்போய்விட்டது.
– பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், மன்னார்குடி

காய்ந்த கடலை மூன்று கிலோ. வெந்தால் இருமடங்குக்குச் சற்று மேல் வரும். தலைக்கு ஒரு கைப்பிடி நிறையக் கிடைக்கும். எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். இரவு ஊறவைத்து, காலையில் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள்.

ஊசிப்போனது தேங்காயால். காலையிலேயே தாளித்துத் தேங்காய்த் துருவல் கலந்து, சூட்டோடு மூடி வைத்திருப்பீர்கள். மதியம் இரண்டு மணிக்குமேல் வேகவைத்து, தண்ணீரை முழுக்க வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுங்கள். தாளிப்பு நாலரைக்கு, தேங்காய் பரிமாறுவதற்குச் சற்று முன்பு. தேங்காயே வேண்டாம் என்றால் கேரட் துருவலும் எலுமிச்சையும் போதும். 1, 2 வகுப்புகளுக்குக் கடலையை நன்றாகக் குழைய வேகவைத்து லேசாக நசுக்கிக் கொடுங்கள், முழுக் கடலை தொண்டையில் சிக்கும். ஒப்பனை போடுவதற்கு முன்பே எல்லாரையும் சாப்பிடவைத்துவிடுங்கள்.